கன்னத்தில் பரு, கழுத்தில் சவரக் கட்டி: ரங்கூனில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ரங்கூனில் எங்கள் வட்டாரக் கோவில் மண்டபத்தில் ஞாயிறு காலையில் இலவச மருத்துவ முகாம் நடக்கிறது. தமிழ் பேசுகிற ஒரு டாக்டர், தாதி வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், மருந்து எடுத்துக் கொடுக்க இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான் ஆள்பலம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சர்க்கரை, பிரஷர், முட்டி வலிக்காரர்கள். முகத்தைக் காட்ட வருகிற வாலிபர்கள் அபூர்வம். வந்தாலும் வரிசையில் நிற்க மாட்டார்கள், கூட்டம் கலைந்தபிறகு ஓரமாக வந்து "அக்கா, ஒரு கிரீம் பேர் மட்டும் சொல்லுங்க" என்பார்கள்.

இந்தத் தம்பியும் அப்படித்தான் வந்தார். மழை விட்ட நவம்பர் மாதம். வயது 27. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டலாவில் வீடு. தினமும் படகேறிப் பன்சொடான் துறையில் இறங்கி, ஒரு வங்கிக் கிளையின் கவுண்டரில் உட்கார்கிற வேலை. அங்கே ஆண்கள் தினமும் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வரவேண்டும் என்பது விதி. பரு அவருக்குப் பதினாறு வயதிலிருந்தே உண்டு, அப்பாவுக்கும் இருந்ததாம், அதைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் தாடைக்குக் கீழேயும் கழுத்திலும் புதிதாக ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. வெள்ளைச் சட்டைக் காலரில் ரத்தப் புள்ளி படிந்து, மேலாளர் கூப்பிட்டுப் பேசுகிற அளவுக்கு வந்தபிறகுதான் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைவிட்டு எழுந்து வந்திருக்கிறார்.

எழுதுவதற்கு அவரே சம்மதித்தார். தன் பெயரும் வங்கியின் பெயரும் வரக்கூடாது என்றார், வரவில்லை.

முகாமுக்கு வருமுன் என்னென்ன செய்திருந்தார்

இதைக் கேட்டு வாங்கவே நேரம் பிடித்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்து, மின்சாரம் இருந்தால் வெளிச்சத்திலும் இல்லாவிட்டால் கைப்பேசி டார்ச்சிலும், பச்சைத்தண்ணீரை முகத்தில் அடித்துக் குளிக்கிற சோப்பையே நுரைத்துப் பூசி, ஐந்து பிளேடு வைத்த ரேசரால் கீழிருந்து மேலாக இழுத்துவிட்டுப் படகுக்கு ஓடுவார். அந்த ரேசர் தலை விலை கூட என்பதால் ஒன்றை வைத்தே வாரக்கணக்கில் ஓட்டுவார். குளியலறை ஈரத்திலேயே அது கிடக்கும். ஞாயிறன்று தெருமுனை சலூனில் ஒரு முழுச் சவரம், நேராக ஒருமுறை, எதிராக ஒருமுறை.

கட்டிகள் வந்தபிறகு, பரு என்று நினைத்துச் செய்தவை இன்னொரு பக்கம். கடினமான சோப்பால் நாளைக்கு நாலு தடவை முகம் கழுவினார், எலுமிச்சை தேய்த்தார், அம்மா அரைத்துக் கொடுத்த தனாக்கா மரப்பட்டை விழுதை அப்பினார். அப்புறம் சந்தைப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் போய் 'வெச்சான்' மருந்து கேட்டு ஒரு டியூப் வாங்கினார். பர்மிய மொழியில் பருவுக்கு அப்படித்தான் கேட்பார்கள். "அது மட்டும்தான் அக்கா வேலை செஞ்சுது, போட்ட ரெண்டு நாள்ல அமுங்கிடும், நிறுத்தினா திரும்ப வந்துடும்" என்றார். எட்டு மாதமாகத் தினமும் போட்டு வந்திருக்கிறார்.

டாக்டர் அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவர் அந்த ஒரு வரியில் நிமிர்ந்துவிட்டார். அடுத்த வாரம் டியூபைக் கையோடு கொண்டுவரச் சொன்னார். வந்தது: பெட்டாமெத்தசோன், ஜென்டாமைசின், க்ளோட்ரிமசோல் மூன்றும் கலந்த கிரீம். முதலாவது ஸ்டீராய்டு, இரண்டாவது பாக்டீரியாவுக்கு, மூன்றாவது பூஞ்சைக்கு. எதற்கென்று தெரியாத எல்லாவற்றுக்கும் இதைக் கொடுத்துவிடலாம் என்கிற மாதிரி தயாரித்த சரக்கு. ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கும், அதனால் ஆள் மயங்கிவிடுவார். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் அதுவே பருபோன்ற பொரிப்பொரியான கட்டிகளைக் கிளப்பும், தோலை மெலிய வைக்கும், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திருப்பி அடிக்கும்.

பார்த்தது

முகாமில் முகப்படம் வரைந்த தாள் எதுவும் கிடையாது. ஒரு நோட்டில் நானே முட்டை மாதிரி ஒரு முகத்தை வரைந்து, எங்கே என்ன இருக்கிறதென்று புள்ளி வைத்தேன். வைத்து முடித்ததும் படமே பாதி பேசிவிட்டது.

நெற்றி, மூக்கு, கன்னத்தின் மேல்பகுதியில் கரும்புள்ளி, வெண்புள்ளி, சில சீழ்ப் பருக்கள். இது பதினாறு வயதிலிருந்து வருகிற அதே பரு. மீசை ஓரத்திலும் வாயைச் சுற்றியும் ஒரே அளவில், ஒரே வயதில் அச்சடித்தமாதிரி சின்னச் சிவப்புப் பொரிகள், அடியில் மெல்லிய ரத்தக்குழாய் தெரிகிற சிவந்த தோல். இது கிரீமின் வேலை. தாடை எலும்புக்குக் கீழே, குரல்வளையின் இரண்டு பக்கமும், கறுத்துப்போன மொட்டு மொட்டான கட்டிகள். அங்கே ஒரு கரும்புள்ளிகூட இல்லை.

கரும்புள்ளி இல்லாததுதான் முக்கியம். பரு என்றால் அடைபட்ட துவாரம் எங்காவது கண்ணில் படும். இந்தக் கழுத்தில் அப்படி எதுவும் இல்லை. டாக்டர் லென்ஸைக் கையில் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு கட்டியின் உச்சியில், தோலுக்கு அடியில், ஒரு முடி அரைவட்டமாக வளைந்து படுத்திருந்தது. இரண்டு முனையும் தோலுக்குள். கிருமி நீக்கிய ஊசியின் நுனியை அந்த வளையத்துக்குள் விட்டு மெதுவாக நிமிர்த்தியதும், நுனி சீவிய பென்சில் மாதிரி கூராக, அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான முடி வெளியே எழுந்து நின்றது. பிடுங்கவில்லை. பிடுங்கினால் புதிதாக முளைக்கிற முடியும் உள்ளுக்குள்ளேயே திசைமாறிக் குத்தும், அதனால் நிமிர்த்திவிடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தம்பிக்குத் தாடிமுடி நல்ல சுருட்டை. சுருட்டை முடியை ஒட்ட வெட்டும்போது முனை சாய்வாகக் கூராகிறது, வெளியே கொஞ்சம் வந்ததும் வளைந்து பக்கத்துத் தோலிலேயே திரும்ப நுழைகிறது. பல பிளேடு ரேசரில் இன்னொரு விவகாரமும் உண்டு: முதல் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்க, அடுத்தது வெட்ட, மிச்சமான முடி தோல் மட்டத்துக்குக் கீழே போய் ஒளிந்துகொள்கிறது. அது நேராக வெளியே வராமல் துவாரத்தின் சுவரைக் குத்திக்கொண்டு போகும். உடம்புக்கு அது ஒரு முள் ஏறிய மாதிரிதான், சுற்றி வீங்கிச் சீழ் கட்டும். இதுதான் சவரக் கட்டி. ஆப்பிரிக்க வம்சத்து ஆண்களிடம் இது மிக அதிகம். நம் ஆட்களில் சுருட்டைத் தாடிக்காரர்களுக்கும் கழுத்துப் பக்கம் சகஜமாக வரும், என்ன, அதைப் 'பரு' என்று சொல்லியே காலம் தள்ளுவார்கள்.

டாக்டர் கேட்ட கேள்வி ஒன்றை இங்கே சொல்லவேண்டும். "சவரம் பண்ணாத நாள் எப்பவாவது இருந்துச்சா, அப்ப எப்படி இருந்துச்சு?" தம்பி யோசித்துச் சொன்னார்: போன தைப்பூச விரதத்தில் தாடி விட்டிருந்தபோது கழுத்து அமைதியாகிவிட்டது, கன்னத்துப் பரு அப்படியே இருந்தது. ஒரே முகத்தில் ஒன்று அடங்குகிறது, ஒன்று அடங்கவில்லை என்றால் இரண்டும் ஒரே நோயாக இருக்க வாய்ப்புக் குறைவு.

பூஞ்சை கலந்திருக்குமோ என்ற சந்தேகமும் இருந்தது, ஸ்டீராய்டு பூசிய தோலில் படர்தாமரை உருமாறி அடையாளம் தெரியாமல் இருக்கும். தோலைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். பூஞ்சை இல்லை என்று வந்தது.

எடுத்த முடிவுகள்

ஒன்றன்மேல் ஒன்றாக மருந்து எழுதுவதைவிட, தொந்தரவு செய்கிறவற்றை முதலில் எடுப்பது என்று டாக்டர் முடிவு செய்தார். எடுக்கவேண்டியவை இரண்டு, கிரீமும் பிளேடும். இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினால் எதனால் என்ன நடக்கிறதென்று தெரியாமல் போகும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "ஆராய்ச்சியா பண்றோம், அவருக்கு எரியும்போது பிளேடு வேற வைக்கணுமா" என்று கேட்டார். அதுவும் சரிதான்.

கலவை கிரீம் அன்றோடு நின்றது. திருப்பி அடிக்கும் என்பதால், வீரியம் குறைந்த ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் ஒரே ஒரு வாரத்துக்கு, கூடவே டாக்சிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை 100 மில்லிகிராம் தினம் ஒன்று, ஆறு வாரத்துக்கு. இந்த மாத்திரைக்கு மூன்று நிபந்தனைகள். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கருகும், ஆகவே படகில் மேல்தட்டில் நிற்கக்கூடாது. மூன்றாவதுதான் அவருக்குக் கஷ்டம்: பாலோடு சேர்த்து விழுங்கக்கூடாது, கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ரங்கூன்காரருக்குக் காலையில் கெட்டிப்பால் டீ இல்லாமல் மாத்திரையாவது ஒன்றாவது. மாத்திரையை இரவுக்கு மாற்றிவிட்டோம், டீக்கடை தப்பித்தது.

முகம் கழுவுவது நாளைக்கு இரண்டே முறை, மென்மையான சோப்பு. பருவுக்கான பூச்சு எதையும் உடனே தொடங்கவில்லை, எரிகிற தோலில் அடபாலீன்போல ஒன்றைப் பூசினால் ஆள் அடுத்த வாரமே ஓடிப்போவார்.

அடுத்தது பிளேடு. வேலை போய்விடும் என்றார். டாக்டர் ஒரு கடிதம் எழுதினார், தோல் வியாதி என்று மட்டும் பொதுவாக எழுதாமல், இத்தனை மாதம் தோலை ஒட்டிச் சவரம் கூடாது, முடியை 1 மில்லிமீட்டர் அளவில் இயந்திரத்தால் ஒழுங்காக வெட்டிக்கொள்வார், தொற்றுநோய் இல்லை, என்று மூன்றே வரி. மேலாளர் முதலில் முடியாது என்றாராம். அந்த நேரம் கைகொடுத்தது முருகன்தான். தம்பி எப்படியும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க 48 நாள் விரதம் இருப்பவர். விரதத் தாடிக்கு வங்கியில் முந்தைய வருடங்களிலும் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதையே கொஞ்சம் முன்னால் தள்ளி, 'விரதம் வரை ட்ரிம், விரதத்தில் தாடி, அப்புறம் பேசிக்கொள்ளலாம்' என்று ஒத்துக்கொண்டார்கள். நோய்க்குக் கிடைக்காத சலுகை வேண்டுதலுக்குக் கிடைத்தது, இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, இங்கே வேண்டாம்.

முதல் மூன்று வாரம்

மோசமாக இருந்தது. கிரீமை விட்ட நாலாம் நாள் முகம் தணலாகச் சிவந்து, வாயைச் சுற்றிப் புதுப் பொரிகள், துண்டு பட்டாலே எரிச்சல். இப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்லி, எத்தனை நாள் நீடிக்கலாம் என்பதையும் தாளில் எழுதிக் கொடுத்திருந்ததால்தான் ஆள் தாக்குப்பிடித்தார். அப்படியும் ஒரு ராத்திரி டியூபை எடுத்து மூடியைத் திறந்துவிட்டு அம்மாவிடம் கொடுத்திருக்கிறார், "ஒளிச்சு வை" என்று.

அம்மா தனாக்கா அரைத்துப் பூசலாமா என்று கேட்டனுப்பினார்கள். பட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டு அரைத்த தனாக்காவை டாக்டர் தடுக்கவில்லை, குளிர்ச்சியாக இருக்கிறதென்றால் கன்னத்தில் மெலிசாக இருக்கட்டும் என்றார். காய்ந்ததைத் துண்டால் தேய்த்து எடுப்பதைத்தான் தடுத்தார், அந்தத் தேய்ப்பில் பொருக்கெல்லாம் பெயர்ந்து வந்துவிடும். தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவ வேண்டும். கடையில் விற்கிற வாசனை போட்ட தனாக்கா பசை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டோம்.

கழுத்திலும் முதல் இரண்டு வாரம் கட்டி குறையவில்லை, கூடியது. பிளேடை விட்டால் உடனே சரியாகும் என்று எதிர்பார்த்து இந்தக் கட்டத்தில்தான் பலர் திரும்ப ரேசரை எடுத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே வெட்டிய கூர்முடிகள் வளர்ந்து உள்ளே நுழைகிற பருவம் அது. தாடிமுடி நாளுக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர்வரை வளரும். ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளம் வந்ததும் முடியின் வில்விசையே நுனியை வெளியே இழுத்துவிடும். கணக்குப் போட்டால் மாதம் ஒன்று ஆகும், அந்த ஒரு மாதத்தைக் கடக்கவேண்டும்.

சலூன்

இடையில் நான் அந்தத் தெருமுனை சலூனுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். நடத்துகிற பெரியவர் நல்ல மனுஷர், கை சுத்தம், ஒவ்வொரு ஆளுக்கும் புது அரை பிளேடை உடைத்துக் கத்தியில் சொருகுகிறார். அதைப் பெருமையாக என்னிடம் காட்டவும் செய்தார். சரி என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சவரம் முடிந்ததும் ஒரு படிகாரக் கட்டியை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, கன்னம் கழுத்தெல்லாம் தேய்த்து, அலமாரியில் வைத்தார். அடுத்த ஆள். புது பிளேடு. அதே கல்.

வெட்டுக்காயத்தில் ரத்தம் நிற்கத்தான் அந்தக் கல், ஆக ரத்தம் படுகிற கல் அதுவேதான். இந்த நாட்டில் 2015இல் எடுத்த ரத்தப் பரிசோதனைக் கணக்கில் ஹெபடைடிஸ் பி நூற்றுக்கு 6 பேருக்கு மேல், சி நூற்றுக்கு 2 பேருக்கு மேல் இருந்தது. படிகாரம் தோலைச் சுருக்கும், வைரஸைக் கொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. "மாமா, கல்லைப் பொடியாக்கி டப்பாவுல வச்சுக்கிட்டா, ஆளுக்கொரு பஞ்சுல தொட்டு வச்சிடலாமே" என்றேன். கொஞ்ச நேரம் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுவரைக்கும் யாருமே கேட்கலையேம்மா" என்றார்.

எதிர்ச் சவரத்தைப் பற்றிப் பேசியபோது மட்டும் அவர் இறங்கி வரவில்லை. தோலை இழுத்துப் பிடித்து எதிராக ஒரு முறை ஓட்டாவிட்டால் வாடிக்கையாளரே கையால் தடவிப் பார்த்து "என்ன மாமா சொரசொரங்குது" என்பார்களாம். அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது, கேட்கிறதைத்தானே கொடுக்கிறார்.

விரதத் தாடி

டிசம்பரில் மாலை போட்டார். காலை மாலை குளியல், சைவச் சாப்பாடு, சத்திரத்துத் தரையில் படுக்கை. வாயைச் சுற்றிய சிவப்பு டிசம்பர் கடைசிக்குள் பெருமளவு அடங்கிவிட்டது. டாக்சிசைக்ளின் முடிந்தது. கழுத்தில் தாடி சென்டிமீட்டரைத் தாண்டியபோது கட்டிகள் வற்றத் தொடங்கி, கறுப்புத் தழும்பு மட்டும் மிஞ்சியது. அம்மாவுக்கு இது முழுக்க முழுக்க விரத மகிமை. நாங்கள் விவாதிக்கப் போகவில்லை.

ஆனால் தாடியோடு ஒரு புதுச் சங்கடம். தாடி பளபளவென்று இருக்கட்டுமே என்று தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார்கள். பரு வாகுள்ள தோலில் தேங்காய் எண்ணெய் துவாரத்தை அடைக்கும் சாமான், தாடிக்குள் கன்னத்தோரம் வெண்புள்ளிகள் வரிசையாக வந்தன. எண்ணெயை நிறுத்தி, தலைக்குப் போடுகிற மாதிரி தாடியையும் அடித்தோல்வரை விரலால் நுரைத்துக் கழுவச் சொன்னோம். தாடி எண்ணெய் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் இரண்டு சொட்டை முடியில் மட்டும் தடவட்டும், தோலுக்கு அது தேவையே இல்லை.

தோல் அமைதியான இந்தச் சமயத்தில்தான் உண்மையான பருவுக்கு மருந்து தொடங்கியது. இரவில் அடபாலீன் 0.1 சதவீதம், ஒருநாள் விட்டு ஒருநாள், முகம் கழுவி நன்றாக உலர்ந்தபிறகு கடலை அளவு முகம் முழுவதற்கும். காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், தாய்லாந்துச் சரக்கு. 5, 10 சதவீதம் கிடைத்தாலும் 2.5 போதும், வேலை ஏறக்குறைய அதேதான், எரிச்சல் குறைவு. ஒரு பக்கவிளைவை முன்கூட்டியே சொன்னோம், அவர் காதில் வாங்கவில்லை: அது துணியை வெளுக்கும். விரதத்து மஞ்சள் துண்டில் தாடை பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

தைப்பூசத்தன்று மொட்டை. கூட்டத்தில் ஒரே கத்தி எத்தனை தலைக்குப் போகும் என்று யாரும் எண்ணமாட்டார்கள். அதனால் பிரிக்காத புது பிளேடு ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு போகச் சொன்னோம், தலைக்கு அது. தாடியை மட்டும் கத்தியிடம் விடாமல் வீட்டுக்கு வந்து ட்ரிம்மரால் எடுத்தார்.

நிச்சயதார்த்தம்

மார்ச்சில் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை ட்ரிம்மர், தோலை இழுக்காமல், 1 மில்லிமீட்டர் மிச்சம் வைத்து. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற வாடிக்கையாளருக்கு இது சவரமா ட்ரிம்மா என்று தெரியவே தெரியாது, மேலாளரும் பேச்சை விட்டுவிட்டார். மின்சாரம் முறைவைத்து வருகிற ஊரில் ட்ரிம்மர் சார்ஜ் ஒரு தலைவலிதான், கைப்பேசிக்கு வைத்திருக்கிற பவர்பேங்கில் ஏறுகிற மாதிரியான ஒன்றை வாங்கியதால் சமாளித்தார்.

சித்திரை பிறந்ததும் அவருக்கு நிச்சயதார்த்தம். பெண்வீட்டார் பெகுவிலிருந்து வருகிறார்கள், மாப்பிள்ளை முகம் பளிச்சென்று இருக்கவேண்டாமா என்று வீடே ஒரே குரலில் நின்றது. முழுச் சவரம்தான் என்றால் எப்படிச் செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார்: குளித்தபிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று நிமிடமாவது தாடி ஊறவேண்டும், ஊறிய முடியை வெட்ட விசை குறைவாகவே போதும். நுரை தாராளமாக. ஒற்றை பிளேடு, புதியது. முடி சாய்கிற திசையிலேயே ஒரே ஓட்டு. கழுத்தில் முடி எந்தப் பக்கம் சாய்கிறதென்று விரலால் தடவி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், அவருக்கு குரல்வளையின் இடப்பக்கம் கீழ்நோக்கியும் வலப்பக்கம் பக்கவாட்டிலும் சாய்ந்தது.

இவ்வளவும் கேட்டுக்கொண்டு, நேராக சலூனுக்குப் போய் இரட்டைச் சவரம் செய்துகொண்டார். நிச்சயதார்த்தப் போட்டோவில் முகம் அழகாகத்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் கழுத்தில் கட்டி வரிசை கட்டிவிட்டது, கன்னத்தில் ஒன்றுமில்லை. நவம்பரில் படத்தில் புள்ளி வைத்த அதே இடங்கள். டாக்டர் திட்டுவார் என்று நினைத்திருக்கிறார், டாக்டரோ நோட்டை எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இனி சந்தேகமே இல்லை என்றார். வெந்நீர் ஒத்தடம், தெரிகிற முடியை மட்டும் நிமிர்த்திவிடுவது, ட்ரிம்மருக்குத் திரும்புவது. ஒரு மாதத்துக்குள் அடங்கியது.

இப்போதைய நிலை

மழை தொடங்கியபிறகு ஜூனில் கடைசியாகப் பார்த்தோம். நெற்றி, கன்னத்துப் பரு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. அடபாலீன் பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் பிடிக்கும், அவருக்கும் அப்படித்தான் பிடித்தது. இப்போது தினமும் போடுகிறார். கலவை கிரீம் பக்கம் போகவில்லை. கழுத்துத் தோல் தட்டையாகிவிட்டது, கறுப்புத் தழும்பு போகவில்லை, நம் நிறத்துத் தோலில் அது மாதக்கணக்கில் நிற்கும். சன்ஸ்க்ரீன் போடச் சொல்லியிருக்கிறோம், படகு நேரத்தில் மட்டும் போடுகிறார் என்று நினைக்கிறேன். தாடைக்குக் கீழே ஒரு கட்டி கெட்டியாகத் தழும்பாகவே நின்றுவிட்டது. அதற்குள் ஊசி போட்டுக் கரைக்கலாம் என்று டாக்டர் சொன்னார், கல்யாணம் முடியட்டும் என்கிறார்.

அடுத்த ஆளுக்கு என்ன மாற்றுவோம்

தாடைப் பருவோடு யார் வந்தாலும் முதல் கேள்வி, சவரம் செய்து எத்தனையாவது நாள் இது வந்தது என்பதாக இருக்கும். இரண்டாவது, வீட்டில் இருக்கிற எல்லா டியூபையும் பையில் போட்டு எடுத்து வரச் சொல்வது. பெயர் கேட்டால் "வெள்ளை டியூப், பச்சை மூடி" என்றுதான் பதில் வருகிறது.

வேலையிடத்துக்கான கடிதத்தை முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடுவோம். விரதம், வேண்டுதல் என்று கைகொடுக்க எல்லாருக்கும் ஒன்று இருக்காது. கல்யாணம், நிச்சயம், போட்டோ எடுக்கிற நாள் ஏதாவது வருகிறதா என்பதையும் அப்போதே கேட்டு, அந்தச் சவரத்தை யார், எதனால், எப்படிச் செய்வது என்று வீட்டாரை வைத்துக்கொண்டே பேசவேண்டும். தம்பியிடம் மட்டும் சொல்லி அனுப்பிய அறிவுரை அவருடைய பெரியம்மாவின் முன்னால் எடுபடவில்லை.

சலூன் மாமா படிகாரத்தைப் பொடியாக்கி டப்பாவில் வைத்துவிட்டார். எதிர்ச் சவரம் இன்னும் நடக்கிறது. கழுத்தில் கட்டி உள்ளவர்கள் வந்தால் மட்டும் "உங்களுக்கு ஒத்தைதான்" என்று அவரே சொல்லிவிடுகிறாராம், அப்படிச் சொல்லி முகாமுக்கு இரண்டு பேரையும் அனுப்பியிருக்கிறார்.